வண்டியை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள்: நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஒரு மேம்பாலம் திறந்தால், எத்தனை நிமிடம் மிச்சம் என்று மறுநாளே செய்தி வந்துவிடுகிறது. யாருக்கு மிச்சம் என்பது அதில் இருப்பதில்லை. பாலத்தின் மேல் காரும் பைக்கும் பறக்கின்றன. டவுன் பஸ் பெரும்பாலும் கீழேதான் போயாக வேண்டும், நிறுத்தம் கீழேதானே இருக்கிறது! சாலையில் ஓடும் வண்டிகளை எண்ணித் திட்டம் போட்டால், எழுபது பேர் ஏறிய பஸ்ஸும் ஒருவர் மட்டும் ஓட்டிப்போகும் காரும் கணக்கில் ஒவ்வொரு வண்டியாகவே நிற்கும். எல்லாத் தவறுகளும் இங்கிருந்தே கிளைக்கின்றன.

டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே சுமார் ஆறு கிலோமீட்டருக்குப் பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒதுக்கினார்கள். கார்க்காரர்கள் கொதித்தார்கள். நீதிமன்றம் வரை போன வழக்கு 2012இல் தள்ளுபடியானது. இருந்தும் 2016இல் தடத்தையே பெயர்த்துவிட்டார்கள். தடத்தின் வடிவமைப்பில் குறைகள் இருந்தது உண்மைதான். ஆனால் குறையைச் சரிசெய்யாமல் தடத்தையே எடுத்ததற்குக் காரணம், யாருடைய எரிச்சல் அதிகம் கேட்டது என்பதுதான்.

அடுத்த தவறு இதைவிடக் கொடியது: வீட்டை ஒரு துறையும் பஸ்ஸை இன்னொரு துறையும் பார்ப்பது. சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுவிலும் இருந்த குடும்பங்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். இரண்டு இடங்களிலும் சேர்த்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பலருக்குப் பழைய இடம் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். வீடு கொடுத்தாயிற்று என்று கோப்பை மூடிவிடலாம். ஆனால் வேலை பழைய இடத்திலேயே இருந்தது.

வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நடந்தே போய்க் காலையில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டுக்கு வந்து, மாலையில் மறுபடி ஒரு வீட்டுக்குப் போவார். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியேறியவருக்கு அந்த நடுவழித் திரும்பல் இல்லை. ஒன்று, நாள் முழுக்க வேலையிடத்துப் பக்கமே தங்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வீட்டு வேலையை விட வேண்டும். பயண நேரம் என்று அறிக்கையில் வருவது அவர் கணக்கில் சம்பளக் குறைவு.

போக்குவரத்துக் கணக்கெடுப்பு பெரும்பாலும் காலை எட்டு முதல் பத்து வரை, மாலை ஐந்து முதல் எட்டு வரை என்று அலுவலகம் போகிறவரின் கடிகாரத்தையே பார்க்கிறது. ரேஷன் கடை, பள்ளி, ஆஸ்பத்திரி, மீன் சந்தை என்று துண்டு துண்டாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் பயணங்கள் அதில் நழுவுகின்றன. பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் இல்லை என்று பஸ்ஸைக் குறைப்பார்கள். பஸ் இல்லாததால்தான் கூட்டம் இல்லை என்று யாரும் எழுதுவதில்லை.

அந்த வகையில் 2021 மே மாதம் தமிழ்நாட்டில் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை 'இலவசம்' என்று எள்ளி நகையாடுவது எனக்கு ஒப்பவில்லை. மூன்று இடத்தில் இறங்கி ஏறுகிறவர் மூன்று டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்டம் நீங்கியது. ஆனால் சலுகை சாதாரணக் கட்டணப் பஸ்களில்தான். நிறுத்தத்தில் இரண்டு டீலக்ஸ் பஸ்களை விட்டுவிட்டு, சாதாரணப் பஸ்ஸின் வெள்ளை போர்டு வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் பெண்கள், காசை நேரமாகக் கட்டுகிறார்கள். கட்டணத்தை நீக்கிவிட்டு வண்டியை அதிகரிக்காமல் விட்டால் பாதி வேலைதான்.

வரிசை மாற்றிச் செய்வது இன்னொரு வழக்கம். 2023 டிசம்பர் 30 அன்று சென்னைக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தென்மாவட்டப் பஸ்களுக்காக, முன்பு அவை நின்ற கோயம்பேட்டிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கட்டியது. பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. ஆனால் முனையம் திறந்தபோது நிற்க ரயில் நிலையம் இல்லை. விடியற்காலையில் பையும் குழந்தையுமாக இறங்கியவர் மறுபடி ஒரு பஸ்ஸையோ, கேட்ட காசைக் கொடுத்து ஆட்டோவையோ பிடித்தார். காரில் அழைத்துப்போக ஆள் வந்தவருக்கு இது பிரச்சினையே இல்லை. இப்படி ஒன்றுக்கொன்று தெரியாமல் துறைகள் இயங்குவதைத் தடுக்கத்தான் சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இலேயே சட்டம் வந்தது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022இல்.

சென்னையில் மேம்பாலத் தடத்தில் ஓடும் பறக்கும் ரயிலும் பாடம்தான். 1995இல் தொடங்கி 2007இல் வேளச்சேரி வரை வந்தது. நிலச் செலவை மிச்சப்படுத்தப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கினார்கள். (கால்வாய்க்கு என்ன ஆனது என்பது தனிக் கதை.) நிலையங்களோ பிரம்மாண்டம், இருட்டு, இறங்கினால் பஸ் நிறுத்தம் எங்கோ இருக்கிறது. ரயிலுக்குக் கோடிகளைக் கொட்டிவிட்டு, நிலையத்துக்குப் போகும் கடைசி அரைக் கிலோமீட்டர் நடைபாதையை மறந்தார்கள். இருட்டிய பிறகு அந்தப் படிக்கட்டில் தனியாக ஏறத் தயங்குகிற பெண்ணுக்கு ரயில் எவ்வளவு மலிவாக இருந்து என்ன?

வெளிநாட்டு வெற்றியைப் பொருளாக மட்டும் இறக்குமதி செய்வதும் தவறே. கொலம்பியாவின் மெடஜின் நகரில் 2004இல் மலைச்சரிவு ஏழைக் குடியிருப்புகளுக்குக் கம்பிவடத் தொட்டிகள் (ரோப் கார்) ஓடத் தொடங்கின. மெட்ரோ டிக்கெட்டிலேயே அதில் ஏறலாம்; கூடவே பள்ளி, நூலகம், படிக்கட்டு, பொது இடங்களும் வந்தன. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ 2011இல் அலெமாவோ என்ற ஏழைக் குடியிருப்புகளுக்கு மேல் அதே தொட்டிகளை ஓட்டியது. அங்கே பலர் முதலில் கேட்டது கழிவுநீர் வசதி. 2016இல் சேவை நின்றுபோனது.

பாதை வந்ததும் வாடகை ஏறுவதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நிலையம் வரும் என்ற பேச்சு கிளம்பினாலே நிலத்தின் விலை துள்ளும். ரயில் ஓடத் தொடங்குவதற்குள் அதில் ஏற வேண்டியவர்கள் இன்னும் தள்ளிப் போயிருப்பார்கள். நிலையத்தையொட்டி அரசிடம் நிலம் இருந்தால், வணிக வளாகத்துக்கு விடும் முன் அதில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடுகளுக்கு ஒதுக்கலாம்.

உங்கள் பகுதிக்கான திட்டம் கருத்துக்கேட்புக்கு வந்தால், வண்ணப்படங்களை விட்டுவிட்டு இரண்டு அட்டவணைகளைக் கேளுங்கள்: எந்த மணிக்கு எத்தனை பஸ், மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவு எவ்வளவு. பெரும்பாலும் இரண்டாவது அட்டவணையே இருக்காது. இல்லை என்பதை ஆட்சேபமாக எழுத்தில் பதிவு செய்யலாம்.