பிரின்ஸ்2 சான்றிதழுக்குப் படிப்பது எப்படி: ஒரு பிரிண்டிங் யூனிட்டை வைத்து முதலிலிருந்து

திருப்பூரில் புதிதாக ஒரு பிரிண்டிங் யூனிட், கரூரில் குடோன் விரிவாக்கம், பெருந்துறை சிப்காட்டில் கூரை மேல் சோலார், சரவணம்பட்டியில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு சாப்ட்வேர். இதெல்லாம் புராஜெக்ட்தான். இவற்றை முன்னின்று நடத்துகிறவர்களுக்கு அனுபவம் ஏராளமாக இருக்கும். வேறு கம்பெனிக்கு மாறும்போது அதைக் காகிதத்தில் காட்டத்தான் ஒன்றும் இருக்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படிக்கும்போது ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த முடிவை யார் எடுக்க வேண்டும்? புராஜெக்ட்டை எப்படி நடத்துவது என்று சொல்லும் பிரின்ஸ்2 முறை முழுவதும் இதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. தேர்வுக் கேள்விகளில் பாதிக்கு மேல் இதை வைத்தே யோசித்துவிடலாம் என்பது என் கருத்து.

படி 1: எந்தச் சான்றிதழ் என்று முடிவு செய்யுங்கள்

பிரின்ஸ் என்பது பிரிட்டிஷ் அரசின் கம்ப்யூட்டர் திட்டங்களுக்காக 1989-ல் வந்த முறை. 1996-ல் எல்லாத் துறைக்கும் பொருந்தும்படி பிரின்ஸ்2 ஆனது. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கத்து வாடிக்கையாளர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது நேரடியாக உதவும். அமெரிக்க வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்பது பி.எம்.பி. என்ற இன்னொரு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ். ஆனால் அதற்கு விண்ணப்பிக்கவே சில வருட புராஜெக்ட் அனுபவத்தைக் காட்ட வேண்டும். பிரின்ஸ்2-வின் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷனுக்கு அப்படி எந்த முன்தகுதியும் இல்லை. டிகிரி முடித்த கையோடும் எழுதலாம், இருபது வருடம் புரொடக்‌ஷன் பார்த்துவிட்டும் எழுதலாம்.

பயிற்சி வகுப்பு கட்டாயமில்லை, சொந்தமாகப் படித்தும் எழுதலாம். வகுப்பில் சேர்வதென்றால் பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். தேர்வை நடத்தும் பீப்பிள்சர்ட் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமா? தேர்வுக் கட்டணம் இதற்குள் அடங்குமா? சொல்லித் தருவது 7-ஆம் பதிப்பா? மூன்றாவதுதான் முக்கியம். 2023-ல் வந்த 7-ஆம் பதிப்புக்கு முந்தைய குறிப்புகளும் வீடியோக்களும் இன்னும் நிறையக் கிடைக்கின்றன. முறையின் ஏழு முக்கியப் பகுதிகளை ‘தீம்’ என்று எழுதியிருந்தால் பழசு, ‘பிராக்டிஸ்’ என்று இருந்தால் புதுசு. இலவசமாகக் கிடைக்கிறதே என்று பழையதைப் படித்துவிட்டுப் புதிய தேர்வுக்குப் போகாதீர்கள்.

படி 2: உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு வேலையை எடுங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். இங்கே நான் ஒரு பனியன் கம்பெனியை வைத்துக்கொள்கிறேன். பிரிண்டிங்கை இதுவரை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து வந்தார்கள். இப்போது சொந்தமாக ஒரு பிரிண்டிங் யூனிட் போடப் போகிறார்கள்.

ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். எதற்காகச் செய்கிறோம்? எவ்வளவு செலவு? எப்போது முடியும்? முடிந்தபிறகு என்ன லாபம்? இதுதான் பிசினஸ் கேஸ் என்பதன் விதை. இந்தக் காரணம் ஆரம்பத்தில் மட்டும் இருந்தால் போதாது, கடைசி வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பது பிரின்ஸ்2-இன் முதல் கொள்கை. யூனிட் பாதி கட்டி முடித்த நிலையில் பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போகிறது என்று வையுங்கள். ‘ஆரம்பித்தாகிவிட்டது, முடித்துவிடுவோம்’ என்று சொல்ல இந்த முறையில் இடமில்லை. காரணம் போய்விட்டால் புராஜெக்ட்டை நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும்.

படி 3: ஆட்களுக்குப் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள்

இங்கேதான் நம் ஊர்க் கம்பெனிகளுக்கும் புத்தகத்துக்கும் பெரிய இடைவெளி. “ஏனுங்ணா, மெஷினுக்கு அட்வான்ஸ் போட்டறலாமுங்களா?” என்று ஒவ்வொன்றுக்கும் முதலாளிக்குப் போன் போகும். அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி இன்னொன்று சொல்வார், நடுவில் மேனேஜர் திண்டாடுவார்.

பிரின்ஸ்2-வில் மேலே ஒரு புராஜெக்ட் போர்டு இருக்கும். அதில் மூன்று தரப்பு. பணம் போடும் வியாபாரத்தின் சார்பாக எக்ஸிக்யூடிவ். யூனிட்டைப் பயன்படுத்தப் போகிறவர்கள் சார்பாக சீனியர் யூசர். செய்து கொடுக்கிறவர்கள் சார்பாக சீனியர் சப்ளையர். நம் உதாரணத்தில் முதலாளி எக்ஸிக்யூடிவ், தையல் பிரிவின் புரொடக்‌ஷன் மேனேஜர் சீனியர் யூசர், மெஷின் கம்பெனியின் பொறுப்பாளர் சீனியர் சப்ளையர். சீனியர் யூசரும் சீனியர் சப்ளையரும் ஒருவருக்கு மேல் இருக்கலாம். எக்ஸிக்யூடிவ் மட்டும் ஒரே ஒருவர்தான். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கம்பெனியாக இருந்தாலும் இந்த வேலைக்கு யாராவது ஒருவர்தான் உட்கார வேண்டும். அவரே புராஜெக்ட் மேனேஜராகவும் இருக்கக் கூடாது.

சீனியர் யூசர் வெறுமனே ‘எனக்கு இது வேண்டும்’ என்று கேட்பவர் அல்லர். என்ன லாபம் வரும் என்று சொல்வதும் அவர்தான், வந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். தேர்வில் இதை அடிக்கடி தொடுவார்கள்.

போர்டுக்குக் கீழே அன்றாடம் வேலையை நடத்துகிறவர் புராஜெக்ட் மேனேஜர். அவருக்குக் கீழே வயரிங், கட்டிடம் என்று தனித்தனி வேலையைச் செய்து முடிப்பவர்கள் டீம் மேனேஜர்கள். உங்கள் கம்பெனியில் இருக்கும் நிஜ ஆட்களை இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். யாரையும் வைக்க முடியாத ஒரு இடம் கண்டிப்பாக வரும். அந்த இடத்தைப் பற்றிய பாடத்தை இரண்டு முறை படியுங்கள்.

படி 4: ஸ்டேஜாகப் பிரித்து, எல்லையைக் குறியுங்கள்

மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் ஒப்புக்கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஸ்டேஜ். குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: திட்டமிடும் ஸ்டேஜ் ஒன்று, செய்து முடிக்கும் ஸ்டேஜ் ஒன்றாவது. ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் போர்டு கூடிப் பார்த்து, அடுத்ததற்கு அனுமதி கொடுக்கும்.

பிரிண்டிங் யூனிட் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட் வேண்டும். கட்டுவதற்கு முன் ஒன்று, ஓட்டுவதற்கு முன் ஒன்று. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைப் பார்த்த திருப்பூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியும். ஆகவே முதல் கன்சென்ட் கையில் வந்தபிறகுதான் கட்டிடத்துக்கும் மெஷினுக்கும் பணம் என்று ஸ்டேஜ் எல்லையை அங்கேயே போடுங்கள்.

அடுத்தது டாலரன்ஸ், அதாவது மேலே கேட்காமல் எவ்வளவு தூரம் விலகலாம் என்ற எல்லை. இரண்டாம் ஸ்டேஜுக்கு 40 லட்சம், இரண்டு லட்சம் கூடினாலும் பரவாயில்லை, ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று போர்டு சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் விலை ஏறி ஒரு லட்சம் கூடினால் புராஜெக்ட் மேனேஜர் யாரையும் கேட்காமல் சமாளிக்கலாம். மூன்று லட்சம் கூடும் என்று தெரிந்தால் எல்லை தாண்டப் போகிறது என்று சொல்லும் எக்ஸப்ஷன் ரிப்போர்ட் எழுதி போர்டுக்கு அனுப்ப வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செலவு எல்லையைத் தாண்டிய பிறகு இல்லை, தாண்டும் என்று கணிக்கும்போதே அனுப்ப வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்ப இரண்டு வாரம் ஆகும், ஒரு வார அவகாசம் போதாது என்று ஐப்பசி ஆரம்பத்திலேயே தெரிந்தால், அப்போதே அனுப்ப வேண்டியதுதான்.

யார் எந்த எல்லையை வைப்பது என்பதையும் மனதில் வையுங்கள். மொத்த புராஜெக்ட்டுக்கு எல்லை வைப்பது போர்டுக்கும் மேலே இருக்கும் நிர்வாகம். ஸ்டேஜுக்கு வைப்பது போர்டு. டீம் மேனேஜரிடம் ஒப்படைக்கும் வேலைத் தொகுப்பான வொர்க் பேக்கேஜுக்கு எல்லை, புராஜெக்ட் மேனேஜர் அவரோடு பேசி ஒத்துக்கொள்வது.

படி 5: செய்த பொருள் வேறு, வந்த பலன் வேறு

இதற்கு நம் பக்கத்து உதாரணம் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம். 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்கள். ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரி நீர் போக வேண்டும். நீரேற்று நிலையங்களும் குழாய்களும்தான் திட்டம் செய்து கொடுத்த பொருள். குளத்தில் தண்ணீர் தேங்குவது அதனால் ஏற்படும் மாற்றம். போர்வெல்லில் நீர்மட்டம் ஏறி விவசாயிக்குச் செலவு குறைந்தால் அது பலன். பலன் பெரும்பாலும் புராஜெக்ட் முடிந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் எப்போது, யார், எப்படி அளப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.

படி 6: ஏழு, ஏழு, ஏழு

கொள்கை ஏழு, பிராக்டிஸ் ஏழு, புராசஸ் ஏழு. இதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். பிராக்டிஸ்கள்: பிசினஸ் கேஸ், ஆர்கனைசிங், பிளான்ஸ், குவாலிட்டி, ரிஸ்க், இஷ்யூஸ், புராக்ரஸ். முன்பு கண்காணிக்க வேண்டிய இலக்கு ஆறாக இருந்தது: செலவு, நேரம், தரம், வேலையின் அளவு, பலன், ரிஸ்க். இப்போது ஏழாவதாக நீடித்த தன்மையும் (சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் செய்வது போன்றவை) சேர்ந்திருக்கிறது. நொய்யல் கரையில் இருக்கும் நமக்கு இது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

படி 7: தேர்வு

ஃபவுண்டேஷனில் 60 கேள்வி, 60 நிமிடம், 36 சரியாக இருந்தால் தேர்ச்சி. புத்தகம் பார்க்க முடியாது. வீட்டிலிருந்தே கேமரா கண்காணிப்பில் எழுதலாம். கரண்ட் போனாலும் நெட் நிற்காதபடி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தேர்வு மொழி உங்கள் தாய்மொழியோ வேலை மொழியோ இல்லையென்றால் 25 சதவீதம் கூடுதல் நேரம் கேட்கலாம், ஃபவுண்டேஷனில் 75 நிமிடம் ஆகும். பதிவு செய்யும்போதே விசாரித்து வாங்கிவிடுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் இதைக் கேட்கத் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இது சலுகை இல்லை, விதியிலேயே உள்ளது.

அடுத்த நிலைத் தேர்வு பிராக்டிஷனர்: 70 கேள்வி, 150 நிமிடம், 42 வேண்டும். அதிகாரப்பூர்வப் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம். சான்றிதழ் 3 வருடம் செல்லும். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்தான் இருப்பதால் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒவ்வொரு பிராக்டிஸ் அத்தியாயத்திலும் யாருக்கு என்ன பொறுப்பு என்ற பகுதி இருக்கும். பக்கத்தை உடனே எடுக்க உதவும் முதல் ஸ்டிக்கரை அங்கே ஒட்டுங்கள்.