டோக்கியோவில் செர்ரி மலர் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. மலர்க்காலம் ஏப்ரல் முதல் வாரம் என்று எங்கோ படித்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நான்கு நாள் பயணத்தை அந்த வாரத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். 2023இல் டோக்கியோவில் மலரத் தொடங்கியது மார்ச் 14. முழு மலர்ச்சி மார்ச் 22. அடுத்த ஆண்டே தொடக்கம் மார்ச் 29க்குத் தள்ளிப்போய், முழு மலர்ச்சி ஏப்ரல் 4இல்தான் வந்தது. 2024இல் ஏப்ரல் முதல் வாரம் போனவருக்கு யோகம். 2023இல் அதே வாரம் போனவர் பெரும்பாலும் பச்சை இலைகளைத்தான் பார்த்திருப்பார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கோடையில் உருவாகும் மொட்டு, இலையுதிர்காலத்தில் உறங்கிவிடும். அதை எழுப்பக் கடுங்குளிர் வேண்டும். எழுந்த பிறகு வளரச் சூடு வேண்டும். பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்து, 600 டிகிரியைத் தொட்டால் டோக்கியோவில் பூக்கும் என்று ஒரு கணக்கு அங்கே புழக்கத்தில் இருக்கிறது. பிப்ரவரியின் வெயில் எப்படியிருக்கும் என்று முந்தைய ஆண்டு அக்டோபரில் யாரால் சொல்ல முடியும்? எனவே நாள் குறித்தே ஆக வேண்டியவர்கள் மார்ச் கடைசி வாரத்தை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் சில நாள்களைக் கூட்டிக்கொள்வது நல்லது. சனவரியிலிருந்தே முன்கணிப்புகள் வரத் தொடங்கும். அவை வாராவாரம் மாறும். மாறுகிறதே என்று எரிச்சல்பட வேண்டாம்.

அடுத்த தவறு, செய்தியைப் பார்த்ததும் ஓடுவது. யாசுகுனி ஆலய வளாகத்தில் வானிலைத்துறை கண்காணிக்கும் ஒரு மரம் இருக்கிறது. அதில் ஐந்தாறு பூக்கள் விரிந்தால் போதும், டோக்கியோவில் மலர்ந்துவிட்டது என்று அறிவித்துவிடுவார்கள். அன்று மாலையே பூங்காவுக்குப் போனால் மொட்டைக் கிளைகள்தான் வரவேற்கும். மொட்டுகளில் எண்பது விழுக்காடு விரிந்த பிறகே முழு மலர்ச்சி என்பார்கள். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். குளிர் நீடித்தால் கூடுதலாகவும் ஆகலாம். அந்த இடைவெளியில் காற்றும் மழையும் வந்தால் பதற வேண்டாம். புதிதாக விரிந்த பூ எளிதில் உதிராது. முழு மலர்ச்சிக்குப் பிந்தைய மழைதான் ஆளை ஏமாற்றும்.

ஆனால் முழு மலர்ச்சி முடிந்ததும் பெட்டியைக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. இதழ்கள் உதிரும் இரண்டு மூன்று நாள்கள்தான் இந்தக் காலத்தின் உச்சம் என்பது என் கட்சி. மெகுரோ ஆற்றிலும் சிதோரிகாஃபுச்சி அகழியிலும் தண்ணீரே தெரியாத அளவுக்கு இதழ்கள் படர்ந்து மிதக்கும். கூட்டமும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இணையப் படங்களில் பார்த்த அடர் இளஞ்சிவப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முகம் வாடுகிறார்கள். டோக்கியோவில் மிகுதியாக இருப்பது சொமெய் யொஷினோ வகை. இதன் பூ கிட்டத்தட்ட வெள்ளை. ஊன்றிப் பார்த்தால் மெல்லிய சிவப்பு தெரியும். இன்றைய கொமாகொமே பகுதியில் இருந்த சொமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பிய வகை இது. நம் ஊர் ஒட்டுமாங்கன்று போல எல்லாமே ஒட்டுக்கட்டி வளர்த்தவை, மரபணுவில் ஒரே மரம். அதனால்தான் ஒரு தெரு முழுவதும் ஒரே நேரத்தில் பூத்து, ஒரே நேரத்தில் கொட்டித் தீர்க்கிறது. அடர்நிறம் வேண்டுமென்றால் கன்சான் போன்ற அடுக்கிதழ் வகைகளைத் தேட வேண்டும். அவை ஏப்ரல் நடுப்பகுதிக்கு மேல் பூப்பவை.

ஒரே நாளில் உவேனோ, சிதோரிகாஃபுச்சி, மெகுரோ, ஷின்ஜுகு என்று நான்கு இடங்களைச் சுற்றிவிடத் திட்டம் போடுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ரயில் நிலையங்களைத்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். மெகுரோ ஆற்றங்கரை பொதுத்தெரு. கதவும் கட்டணமும் கிடையாது. காலை ஏழு மணிக்கு நடந்தால் பாலத்தின் மீது நிம்மதியாக நிற்கலாம். சனிக்கிழமை மாலை போனால் நாகாமெகுரோ நிலையத்தைவிட்டு வெளியே வருவதே பெரும்பாடு. மரங்கள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்கு இருந்தும் எல்லோரும் அந்த நிலையத்தருகேதான் முட்டிக்கொள்கிறார்கள்; ஆற்றோட்டத்தின் திசையில் நடந்துபோனால் கூட்டம் கரைந்துவிடும். சிதோரிகாஃபுச்சியில் படகுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதும் எனக்கு உடன்பாடில்லை. கரையோர நடைபாதையிலிருந்து தெரிவதே போதுமான அழகு.

பட்டியலில் பலர் சேர்க்காத இடம் ஒஜி நிலையத்தை ஒட்டிய அசுகாயாமா. 18ஆம் நூற்றாண்டில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகன் தொகுகாவா யொஷிமுனே மரங்களை நடச்செய்து, எளிய மக்கள் உண்டு குடித்துக் களிக்கத் திறந்துவிட்ட குன்று அது. இன்றும் குடும்பங்கள் விரிப்பை விரித்து உட்காரும் இடமாகவே இருக்கிறது. அடிவாரத்தில் டிராம் ஓடுகிறது.

விரிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. எல்லாப் பூங்காவுக்கும் ஒரே விதி என்று எண்ணிவிடக் கூடாது. உவேனோவில் மது அருந்தலாம். ஷின்ஜுகு கியோயெனில் மதுவுக்குத் தடை, வாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே நுழைவுக் கட்டணமும் உண்டு. அண்மை ஆண்டுகளில் உச்ச நாள்கள் சிலவற்றுக்கு முன்பதிவும் கேட்கிறார்கள். ஆளில்லாமல் விரிப்பை மட்டும் போட்டு இடம்பிடித்துவிட்டு ஊர் சுற்றப் போனால், திரும்பும்போது அது அகற்றப்பட்டிருக்கலாம். விரிப்பின் மேல் செருப்போடு ஏற வேண்டாம். குப்பைக்கு ஒரு பையைக் கையோடு கொண்டுபோங்கள். குப்பைத்தொட்டியைத் தேடியே கால் வலித்துவிடும்.

படத்துக்காகக் கிளையை வளைப்பதும், இதழ் மழைக்காக மரத்தை உலுக்குவதும் அங்கே முகம் சுளிக்க வைக்கும் செயல்கள். அது வெறும் நாகரிகப் பிரச்சினை மட்டுமல்ல. செர்ரி மரத்தில் ஒடிந்த இடம் எளிதில் அழுகும்; அடிமரத்தை ஒட்டி மண்ணை மிதித்து இறுக்கினால் வேருக்குக் காற்று போகாது. பல மரங்கள் முதியவை.

உடை விஷயத்தில் நம்மவர்கள் தவறாமல் ஏமாறுகிறார்கள். வசந்தம்தானே என்று மெல்லிய சட்டையோடு போய், இரவு விளக்கொளியில் பூப் பார்க்க நிற்கும்போது பல் கிட்டிக்கும். மார்ச் இறுதியில் பகலில் இதமாக இருந்தாலும், இருட்டியதும் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். தரையில் உட்கார்ந்தால் குளிர் இன்னும் ஏறும். சைவம் உண்பவர்களுக்கு ஒரு சொல்: காய்கறி மட்டுமே தெரியும் உணவுப்பெட்டியிலும் மீன்சாறு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். குச்சியில் கோத்த மூவண்ண அரிசி உருண்டையும், உப்பிலிட்ட செர்ரி இலையில் சுற்றிய பயறுப் பூரண இனிப்பும் பொதுவாகச் சிக்கல் இல்லாதவை. அந்த இலையையும் சேர்த்தே உண்ணலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தேதி தப்பிவிட்டால், விடுதி அறையில் உட்கார்ந்து வானத்தைத் திட்ட வேண்டாம். சில நாள் முந்திப் போய்விட்டால் ரிகுகியென் தோட்டத்தின் தொங்குகிளை மரத்தைப் பாருங்கள். அது சற்று முன்னதாகவே பூக்கும். பிந்திப் போனால் ஷின்ஜுகு கியோயெனின் அடுக்கிதழ் மரங்கள் ஏப்ரல் பிற்பகுதி வரை தாங்கும். அதையும் தவறவிட்டால் வடக்கே ஹிரோசாகி கோட்டைப் பூங்கா இருக்கிறது. அங்கே பருவம் பொதுவாக ஏப்ரல் பிற்பாதிதான். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஷின்-அவோமொரி நிலையம் போய் வண்டி மாற வேண்டும். விடுதி கிடைப்பதுதான் கடினம். அவோமொரி நகரில் தங்கிக்கொண்டு பகலில் போய்வரலாம்.