இடையூறும் மூன்று நிமிடமும்: துடுப்பாட்ட நடுவர் தீர்மானிக்க வேண்டிய முறை

பாடசாலைத் துடுப்பாட்டப் போட்டியான வடக்கின் பெருஞ்சமர் நாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் நிற்போரில் பாதிப்பேர் தம்மை நடுவராகவே கருதிக்கொள்வர். எறியப்பட்ட பந்து ஓடுபவரின் முதுகில் பட்டதும் 'அவுட்' என்று குரல் எழும். ஆனால் களத்தடுப்புக்கு இடையூறு செய்வது பற்றிய துடுப்பாட்ட விதி 37 கேட்பது பந்து எங்கே பட்டது என்பதையன்று, அவர் வேண்டுமென்றே இடையூறு செய்தாரா என்பதையே.

ஆகவே பந்து எறியப்படுமுன் அவர் எந்தக் கோட்டில் ஓடினார் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதே கோட்டில் ஓடியவர்மீது பந்து பட்டால் ஆட்டமிழப்பு இல்லை. பந்தைத் திரும்பிப் பார்த்து, தகுந்த காரணமின்றித் திசைமாறி விக்கெட்டை மறைத்திருந்தால், ஆட்டமிழப்புக் கேட்கும் களத்தடுப்பு அணியின் முறையீட்டை ஏற்கலாம். தற்செயலான தடங்கலும், காயத்தைத் தவிர்க்கக் குனிவதும் கையுயர்த்துவதும் குற்றமல்ல. 2021 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளுக்கெதிராக இலங்கை வீரர் தனுஷ்க குணதிலக்க பின்னோக்கி நகர்ந்தபோது பந்து அவர் காலில் தட்டுப்பட்டு விலக, அவர் ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்பட்டது. அவரது கண் மறுமுனைத் துணைவர்மீதே இருந்ததால், அத்தீர்ப்பு கடுமையானது என்றே நான் கருதுகிறேன்.

பிடியெடுப்பை மறுமுனையில் நிற்பவர் வேண்டுமென்றே தடுத்தாலும், வெளியேற வேண்டியவர் பந்தை அடித்தவரே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். களத்தடுப்பாளரின் இசைவின்றிப் பந்தை எடுத்துக் கொடுப்பதும் இவ்விதிக்குள் அடங்கும். மாறாக, களத்தடுப்பாளர் வேண்டுமென்றே துடுப்பாட்ட வீரரை மறித்தால் எதிரணிக்கு ஐந்து தண்ட ஓட்டங்கள் உண்டு.

புதிய துடுப்பாட்ட வீரர் தாமதித்தால் ஆட்டமிழப்பாகும் என்னும், நேரத்தைக் கணிக்கும் விதி 40 இதைவிட எளிது, ஏனெனில் அங்கே மனநோக்கை ஆராய வேண்டியதில்லை. விக்கெட் விழுந்த கணத்திலேயே கைக்கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்குள் புதியவர் மைதானத்துக்குள் வந்தால் மட்டும் போதாது. அவரோ, அடுத்த பந்தை மறுமுனையில் உள்ளவர் எதிர்கொள்வதாயின் அவரோ, பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாக இருக்க வேண்டும். காற்காப்பையும் தலைக்கவசத்தையும் இருவர் மூவர் மாறிமாறி அணியும் நமது கழகப் போட்டிகளில் அடுத்தவர் முன்கூட்டியே கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பது நல்லது. 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை வீரர் அஞ்சலோ மத்யூஸின் தலைக்கவச வார் முதற்பந்துக்கு முன்பே அறுந்தது. அந்த உலகக் கிண்ணத்தில் அவகாசம் இரண்டே நிமிடமாதலால், பங்களாதேஷின் முறையீட்டின்பேரில் அவர் வெளியேற நேர்ந்தது.

இரு விதிகளிலும் முறையீடு இல்லாமல் விரலை உயர்த்தக் கூடாது. பந்துவீச்சாளரின் கணக்கில் விக்கெட்டும் சேராது. களத்தடுப்பு அணித்தலைவர் மனம்மாறினால், நடுவரின் இசைவுடன், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருமுன், இன்னிங்ஸ் முடிந்திருந்தால் நடுவர்கள் மைதானத்தை விட்டு வெளியேறுமுன், முறையீட்டை மீளப்பெறலாம். அதன் பின் ஆட்டமிழந்தவரைத் திரும்ப அழைக்க இயலாது.