பசுமை இதழை அச்சிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூழலுக்கு இசைந்த வாழ்க்கை பற்றிச் சொந்தமாக இதழ் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது மறுசுழற்சித் தாளை. நல்லதுதான். ஆனால் எவ்வளவு தாள் குப்பைக்குப் போகும் என்பது இதழின் அளவிலும் பக்க எண்ணிக்கையிலுமே முடிவாகிவிடுகிறது. லேஅவுட் எல்லாம் முடித்துவிட்டு அச்சகத்துக்குப் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

640 × 900 மி.மீ. தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4 பக்கம் 210 × 297. நீளவாக்கில் நான்கு (840), குறுக்கே இரண்டு (594) என ஒரு புறம் எட்டுப் பக்கம் அமரும்; இரு புறமும் சேர்த்து 16 பக்கம். இப்படி ஒரே தாளில் அச்சாகும் பக்கத் தொகுதிதான் ஒரு பாரம். பார்வைக்கு வித்தியாசமாக இருக்கட்டுமே என்று அகலத்தை 230 ஆக்கினால் நான்கு பக்கத்துக்கு 920 வேண்டும். எட்டு அமராது, மிச்சமெல்லாம் வெட்டுக் கழிவு.

பக்க எண்ணிக்கையிலும் இதே கணக்குதான். 68 பக்கம் என்றால் நான்கு முழு பாரம் போக, மீதி 4 பக்கத்துக்குத் தனி பிளேட்டுகள் (அச்சுத் தகடுகள்). நிறம் சரியாகும்வரை வீணாக ஓடும் தாள்களும் தனி. ஒரு கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளி 64-இல் நிறுத்துங்கள்.

தாள் வாங்கும்போது ‘எஃப்எஸ்சி மிக்ஸ்’ முத்திரையைப் (எஃப்எஸ்சி என்பது காடுகளின் பொறுப்பான பராமரிப்புக்குச் சான்றளிக்கும் பன்னாட்டு அமைப்பு) பார்த்து மறுசுழற்சித் தாள் என்று எண்ணிவிடுகிறார்கள். அதில் புது மரக்கூழும் இருக்கலாம். ‘எஃப்எஸ்சி ரீசைக்கிள்டு’ முத்திரையிலும் ஆலைக் கழிவு சேரலாம் என்பதால், மக்கள் பயன்படுத்திப் போட்ட தாள் எத்தனை விழுக்காடு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தாளின் இழையோட்டம் (இழைகள் படிந்திருக்கும் திசை) இதழின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே போனால் இதழ் விரிந்து நிற்காது, பக்கங்கள் நெளியும்.

பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், படங்கள் இருண்டுவிடும். ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் கூட்டு (ஒவ்வொன்றும் அதிகபட்சம் 100 விழுக்காடு) 300 விழுக்காட்டைத் தாண்டினால் மை சீக்கிரம் காயாது, அடுக்கில் மேலிருக்கும் தாளில் ஒட்டும். பக்கம் முழுக்கக் கரும்பச்சை அடிக்கும் ஆசை இங்கேதான் அடிவாங்கும். சோயா மை பற்றிப் பெருமையாகப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எண்ணெய் மாறியிருக்கிறது, நிறமிகள் பெரும்பாலும் பழையவையே.

அட்டைக்கு மேட் லேமினேஷன் வேண்டவே வேண்டாம். தாளின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டிவிட்டு உள்ளே பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி எழுதுவது எப்படிப் பொருந்தும்? 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை) பூச்சில்லாத அட்டை போதும்; கறை பயம் இருந்தால் நீர் சார்ந்த வார்னிஷ். 64 பக்கம்வரை நடுவில் பின் அடித்தாலே நிற்கும், மறுசுழற்சி ஆலையில் கம்பியைப் பிரிப்பதும் எளிது. முதுகு ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பியுஆர் (பாலியூரித்தேன்) பசை கேளுங்கள். சாதாரண சூட்டுப் பசை கூழில் பொடிப்பொடியாக உடைந்து சல்லடையைத் தாண்டிவிடும். பியுஆர் பெரிய துண்டுகளாக வருவதால் சிக்கிக்கொள்ளும்.

அஞ்சலுக்கு ‘மக்கும்’ பிளாஸ்டிக் உறை வாங்கும் முன் எங்கே மக்கும் என்று கேளுங்கள். ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரச் சான்று தொழிற்சாலை உரக்கூடத்தின் சூட்டுக்கானது, வீட்டு உரத்தொட்டிக்கு அல்ல. காகித உறையே போதும்.

பிரதி எண்ணிக்கையில் ஏமாறாதவர் குறைவு. ஆயிரத்துக்குப் பதில் இரண்டாயிரம் அடித்தால் ஒரு பிரதியின் விலை குறையும் என்று அச்சகம் சொல்வது உண்மைதான். விற்காத பிரதிக்கு அந்தக் கணக்கு செல்லாது. முன்பதிவை முடித்துவிட்டு, அதற்கு மேல் பத்து விழுக்காடு மட்டும் அடியுங்கள். சில நூறு பிரதிகள்தான் என்றால் பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட்டை விட்டு டிஜிட்டல் அச்சுக்குப் போகலாம். பிளேட்டும் இல்லை, ஓட்டக் கழிவும் மிகக் குறைவு.