காவடிப் படங்கள் அழிந்துபோன அன்று: மெமரி கார்டிலிருந்து மீட்கும் முறை

தைப்பூசக் காவடி முடிந்து, வாழையிலையில் ஏழு கறியும் சாப்பிட்டு உட்கார்ந்த மயக்கத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. மொரீஷியஸின் காத்ர் போர்னில், கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்கு அண்ணன் மகள் முதன்முறையாகப் பால்குடம் எடுத்திருந்தாள். மங்கலாக விழுந்த ஒரு படத்தை நீக்கப்போனேன். விரல் 'எல்லாம்' என்ற வரியில் பட்டது. அன்றைய படங்கள் அத்தனையும் போயின.

"சித்தப்பா, நான் படி ஏறுகிற படமுமா?" என்றாள்.

முதல் வேலை, கேமராவை அணைத்து கார்டை வெளியே எடுப்பது. படத்தை நீக்கும்போது கேமரா அதைத் துடைத்தெறிவதில்லை. அது இருந்த இடம் காலி என்று கார்டின் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். படம் அங்கேயே கிடக்கிறது. அடுத்து எடுக்கும் படம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தால்தான் உண்மையான அழிவு. அன்று பாட்டி வேறு, "என்னையும் ஒன்று எடு" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். கைபேசியில் எடுத்துக் கொடுத்துச் சமாளித்தேன்.

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு சிறு நெம்பு இருக்கும். அதை 'லாக்' பக்கம் தள்ளுங்கள். மைக்ரோ எஸ்டிக்கு அது கிடையாது, அதைச் செருகும் அடாப்டரில் இருக்கும். பிறகு கார்டு ரீடர் வழியாகக் கணினியில் இணையுங்கள். கேமராவையே கேபிளால் இணைத்தால் பெரும்பாலும் வேலைக்காகாது. 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் பயன்படுத்துவது ஃபோட்டோரெக். இலவசம், திறந்த மூல நிரல். டெஸ்ட்டிஸ்க் என்ற நிரலோடு ஒரே ஜிப் கோப்பாக அதன் சொந்தத் தளத்தில் கிடைக்கிறது. கணினியின் வட்டில் அதைப் பிரித்து, 'க்யூஃபோட்டோரெக்' என்பதை இயக்குங்கள்.

மேலே இருக்கும் பட்டியலில் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். அளவை வைத்து அடையாளம் காணலாம். 32 ஜிபி கார்டு சில இடங்களில் 29 என்று காட்டும், பதற வேண்டாம். அடுத்து அதன் பார்டிஷன், அதாவது கார்டுக்குள் படங்கள் இருக்கும் பகுதி. கோப்பு முறை 'ஃபேட்' இருக்கும் வரியிலேயே நிற்கட்டும். நீக்கிய படங்கள் மட்டும் போதுமென்றால் 'ஃப்ரீ', கார்டே கெட்டுப்போயிருந்தால் 'ஹோல்'.

'ஃபைல் ஃபார்மட்ஸ்' பொத்தானில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஜேபிஜி மட்டும் குறியுங்கள். கேனான், நிக்கான் கேமராக்களில் ரா படம் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் படம்) எடுப்பவர்கள் டிஃப் என்பதையும் சேர்க்க வேண்டும். அவற்றின் பழைய ரா வகைகள் அதற்குள்தான் அடங்குகின்றன.

'பிரவுஸ்' அழுத்தி, மீட்ட படங்கள் சேரவேண்டிய இடத்தைக் கணினியில் காட்டுங்கள். அதே கார்டைக் காட்டிவிடாதீர்கள்! மீட்கும் படமே மீட்கவேண்டிய படத்தை அழித்துவிடும். இனி 'சர்ச்'. நேரம் பிடிக்கும், தேநீர் போடலாம்.

படத்தின் பழைய பெயர் திரும்பாது. அட்டவணையைப் பார்க்காமல், ஜேபிஜி கோப்பு தொடங்கும் அடையாளத்தைக் கார்டு முழுக்கத் தேடித்தான் இந்த நிரல் கண்டெடுக்கிறது. ஆகவே 'ரிகப்_டிர்' என்று தொடங்கும் கோப்புறைகளில், எஃப் என்ற எழுத்தும் எண்களுமாகப் படங்கள் குவிந்திருக்கும். டி என்று தொடங்குபவை படத்துக்குள் இருந்த சிறு முன்தோற்றங்கள், தள்ளிவிடலாம். படம் எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகியிருப்பதால், அதை வைத்து வரிசைப்படுத்தினால் ஊர்வலம் முதலிலிருந்து விரியும்.

கைபேசியின் உள்நினைவகத்துக்கு இந்த வழி உதவாது. அங்கே தரவு பூட்டப்பட்டிருக்கும். படச் செயலியின் குப்பைத்தொட்டியில் தேடுவதே மிச்சம்.

எங்களுக்கு ஏழெட்டுப் படங்கள் தவிர மற்றவை கிடைத்தன. படியேறும் படத்தில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறப் பட்டை. மேல்பாதியில் தலைமேல் பால்குடம், மஞ்சள் பூசிய நெற்றி, இறுக மூடிய உதடுகள். கால் தெரியவில்லையே என்று அவளுக்கு இன்னும் குறைதான்.