போல்ட் றைபிளின் இழுவையை வீட்டிலேயே இலகுவாக்குவது எப்படி?

போல்டை, அதாவது ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டை, இழுத்தால் நறநற என்கிறது, தள்ளினால் பாதிவழியில் முரண்டு பிடிக்கிறது. இலக்குச் சுடும் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், அதிலும் பழைய றைபிள் ஒன்று கைக்கு வந்தவர்கள், அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். உடனே சேண்ட் பேப்பரைத் தேடி ஓடாதீர்கள். நான் பார்த்த வரையில் சிக்கலின் பெரும்பங்கு இரும்பில் இல்லை, காய்ந்துபோன கிறீஸில்தான் இருக்கிறது. கழுவித் துடைத்த பிறகும் மிச்சமிருக்கும் இறுக்கத்துக்குத்தான் தேய்ப்பு. அதுவும் கொஞ்சமாக, தொடக்கூடிய இடத்தில் மட்டும்.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பெயரில் அனுமதி உள்ள றைபிளைத் துப்புரவாக்கி லேசாக மெருகேற்றுவதை மட்டுமே இங்கே சொல்கிறேன். பாகம் மாற்றுவதும் உலோகத்தை வெட்டுவதும் உரிமம் பெற்ற திருத்துநரின் வேலை.

முதலில் வெறுமையாக்குங்கள்

மகசீனைக் கழற்றுங்கள், கழற்ற முடியாத வகையானால் வெறுமையாக்குங்கள். போல்டைத் திறந்து, குழலின் பின்முனையில் ரவை உட்காரும் அறைக்குள் ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள், பிறகு சின்னவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். ரவைகள் வீட்டின் வேறொரு அறையில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். வேலை முடியும்வரை அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

எங்கே இறுகுகிறது என்று கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் தாண்டி ஓடிவிடும் படி இது. ஆனால் வேலையின் பாதி இதில்தான் இருக்கிறது. கைப்பிடியை மேலே தூக்கும்போதா, பின்னால் இழுக்கும்போதா, முன்னால் தள்ளும்போதா, கீழே மடக்கும்போதா? மெதுவாகச் செய்து பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மௌசர் 98 வகையில் கைப்பிடியைத் தூக்கும்போதே சுடு ஊசியின் சுருள்வில் இறுகுகிறது. ஆகவே தூக்குவது கொஞ்சம் பாரமாகத்தான் இருக்கும். லீ என்ஃபீல்டில் மூடும்போதுதான் வில் இறுகும், கடைசித் தள்ளலில் எதிர்ப்பு வரும். அது அந்த றைபிளின் அமைப்பு. அதைக் கோளாறு என்று நினைத்துத் தேய்க்கத் தொடங்கினால் நல்ல றைபிள் ஒன்று வீணாகிவிடும். லீ என்ஃபீல்டின் கைப்பிடி ஏறத்தாழ 60 பாகைதான் திரும்புகிறது, மௌசர் 90 பாகை திரும்புகிறது. இரண்டையும் மாறிமாறிக் கையாண்டவருக்கு ஒன்று இலகுவாகவும் மற்றது பாரமாகவும் தெரிவதில் இதற்கும் பங்குண்டு.

அடுத்து, உங்கள் றைபிளின் கைநூலில் உள்ளபடி போல்டை வெளியே எடுத்து, சுடு ஊசியையும் வில்லையும் கழற்றுங்கள். அந்த வில் பலமானது, பாய்ந்தால் கண்ணைப் பதம் பார்க்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். இப்போது வெறும் போல்டை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். இன்னும் நறநறத்தால் பிரச்சினை போல்ட் ஓடும் தடத்தில். வழுக்கிக்கொண்டு ஓடினால், போல்டின் பின்பக்கத்தில் வில்லை இறுக்கும் சரிவில். மகசீனைப் போட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். போட்டதும் இறுகினால் மகசீனின் உதடோ உள்ளிருக்கும் தட்டோ போல்டின் அடிப்பக்கத்தில் உரசுகிறது. தேய்க்க ஒன்றும் இல்லை.

கழுவுதல்

மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ், பனியன் துணி, காது துடைக்கும் பஞ்சுக் குச்சி போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகவேண்டாம். போல்டின் உட்குழி, பின்பக்கத்துச் சரிவு, ரிசீவரின் (போல்ட் ஓடும் கூட்டின்) இரு பக்கத் தடங்கள், லக் (போல்டைப் பூட்டும் புடைப்பு) வந்து பூட்டிக்கொள்ளும் முன்குழி ஆகிய நான்கிலும்தான் பழுப்புநிறக் கிறீஸ் இறுகிப்போய்க் கிடக்கும். முன்குழிக்குள் கண் எட்டாது. பஞ்சுக் குச்சியை வளைத்து விட்டுச் சுழற்றுங்கள், குச்சி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றிப் பாவியுங்கள். மண்ணெண்ணெயைத் துடைத்துக் காயவிட்டு, லேசாக ஒயில் தடவி ஓட்டிப் பாருங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

தேய்ப்பு

இன்னும் இறுகினால் போல்டின் உடலில் கறுப்பு மார்க்கர் பேனையால் பூசி, மை காய்ந்ததும் இருபது தடவை ஓட்டுங்கள். மை அழிந்த இடம்தான் உரசும் இடம். அந்த இடங்களை மட்டும் தொடுங்கள், பளபளப்புக்காக முழு போல்டையும் தேய்க்காதீர்கள். பழைய மௌசர்களில் மேற்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்ட இரும்பு. அதைத் தாண்டிவிட்டால் உள்ளே மிருதுவான இரும்பு வெளிப்பட்டு விரைவில் தேயும்.

பஞ்சிகாவத்தையில் வாகனப் பெயின்ட் விற்கும் கடைகளில் 600, 1000 இலக்க வோட்டர் பேப்பர் கிடைக்கும். தட்டையான மரத்துண்டில் சுற்றி, ஒரு துளி ஒயில் விட்டு, போல்ட் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் தேய்க்க வேண்டும். தடத்தில் உள்ள கடைசல் கோடுகள் பெரும்பாலும் குறுக்காக ஓடும். நறநற என்பது அவற்றின் நுனிகள்தான். நுனி மழுங்கினால் போதும், கோடு முழுதாக மறையத் தேவையில்லை. பத்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்து, மறுபடி மை பூசிப் பாருங்கள். அறைக்குள் தூள் போகாமல் துணியால் அடைத்து வைப்பது கட்டாயம்.

தொடவே கூடாதவை இரண்டு. ஒன்று, பூட்டும் லக்குகளும் அவை உட்காரும் இடமும். வெடிப்பு போல்டைப் பின்னே தள்ளும் விசையை அவைதான் தாங்குகின்றன. இரண்டு லக்கும் சமமாக உட்கார வேண்டும். ரவைக்கும் போல்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி கூடினால் வெடித்த கோதே கிழியலாம். மற்றது, ட்ரிகர் சியரும் (சுடு ஊசியை விழாமல் பிடித்து வைக்கும் கொக்கி) அது பிடிக்கும் முனையும். அந்தக் கோணம் மாறினால் போல்டை மூடும்போதே றைபிள் சுட்டுவிடக்கூடும். அரைக்கும் பேஸ்டைப் பூசிவிட்டுப் பொருத்திய போல்டை நூறு தடவை இழுக்கச் சொல்லும் யோசனையை நான் எதிர்ப்பது இதனால்தான். பேஸ்ட் நீங்கள் விரும்பும் இடத்தில் மட்டும் நிற்பதில்லை, லக்கின் பின்புறத்தையும் சேர்த்து அரைத்துவிடும்.

கிறீஸும் ஒயிலும்

தூளை மண்ணெண்ணெயால் மறுபடி கழுவுங்கள். லக்குகளின் பின்புறத்திலும் வில்லை இறுக்கும் சரிவிலும் மொலிப்டினம் கலந்த கிறீஸ் ஒரு நெல்மணி அளவு. போல்டின் உடலுக்கு ஒயில் தடவி, துணியால் துடைத்த பிறகு மிஞ்சும் பூச்சே போதும். போல்டின் முகமும் அறையும் உலர்ந்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையும். கொழும்பில் தெரியாது, நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் காலையில் தெரியும். டபிள்யூ.டி.-40 நீரை வெளியேற்ற நல்லது, ஆனால் போல்டுக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

கையால் பழக்குங்கள்

இனி எல்லாவற்றையும் பொருத்தி, வெறும் றைபிளில் போல்டை ஓட்டிக்கொண்டே இருங்கள். தொலைக்காட்சிச் செய்தி ஓடும் நேரத்தில் தினமும் கொஞ்சம் போதும். உரசும் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று பழகுவது இப்படித்தான், எந்தத் தாளும் இதற்கு ஈடாகாது. கைப்பிடியைப் பக்கவாட்டில் அழுத்தாமல், உள்ளங்கையால் நேராக முன்னோக்கித் தள்ளுங்கள். கோணலாகத் தள்ளினால் நல்ல போல்டும் சிக்கும். .22 ரிம்ஃபயர் (ஊசி ரவையின் விளிம்பில் அடிக்கும் வகை) என்றால் வெறுமையாக ட்ரிகரை இழுக்காதீர்கள். ஊசி அறையின் விளிம்பில் மோதலாம். பயிற்சிக்கான போலி ரவை பாவியுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வெறும் றைபிளில் போல்டை வேகமாகப் பலமுறை மூடிப் பாருங்கள். ஒருமுறையாவது ஊசி தானாக விழுந்தால் அந்த றைபிளில் ரவை போடாதீர்கள், நேரே திருத்துநரிடம் கொண்டுபோங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடற்பக்கம் இருப்பவர்கள் உறைக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். துணியும் ஃபோமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்புக்காற்று மிச்சத்தைச் செய்துவிடும். தென்மேல் பருவமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, சிலிக்கா ஜெல் பையுடன் இரும்பு அலுமாரியில் வையுங்கள். போல்டைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டுங்கள்.