சிகுவாட்டெரா மீன் நஞ்சு: தீவு மருத்துவமனைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசிபிக் தீவுகளின் சின்ன மருத்துவமனைகளுக்கு வேலைக்கு வரும் இளம் டாக்டர்களையும் நர்சுகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கெட்டுப்போன மீன் வயிற்றைக் கெடுக்கும், பேத்தை மீன் ஆளைக் கொல்லும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. சிகுவாட்டெரா வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். தொடக்கத்தில் நாங்கள் தடுமாறிய அதே இடங்களில்தான் அவர்களும் தடுமாறுகிறார்கள்.

முதலில் நஞ்சு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். செத்த பவளத்தின் மேலும் அதில் படரும் பாசியின் மேலும் கேம்பியர்டிஸ்கஸ் என்ற ஒருசெல் உயிரி ஒட்டி வாழ்கிறது. பிரெஞ்சு பாலினேசியாவின் கேம்பியர் தீவுகளில் 1970களில் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர். பாசியை மேயும் மீன் இதையும் சேர்த்து விழுங்குகிறது. அந்த மீனைக் கலவா, சீலா, அஞ்சாலை போன்றவை தின்கின்றன. நஞ்சு தசையிலும் ஈரலிலும் சேர்ந்துகொண்டே போகும். மீன் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். நிறம், மணம், ருசி எதுவும் மாறாது. அதைச் சாப்பிட்ட மனிதனின் நரம்புகளில் சோடியம் நுழையும் வாய்கள் மூடாமல் திறந்தே நிற்கின்றன. சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. அப்புறம் உதட்டிலும் விரல்களிலும் மரமரப்பு, மூட்டு வலி, உடம்பெல்லாம் அரிப்பு. சிலருக்கு நாடி மெதுவாகி ரத்த அழுத்தம் இறங்கும்.

நன்றாக வேகவைக்கச் சொல்வது

சொல்லாதீர்கள். கொதி, ஐஸ், உப்பு, புகை எதற்கும் இந்த நஞ்சு அழியாது.

ஈ, எறும்பு, வெள்ளிக்காசு

ஈ உட்காராத மீன் ஆகாது, எறும்பு மொய்த்தால் நல்ல மீன், வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு என்று ஊரில் சொல்வார்கள். எதையும் நம்ப முடியாது. சொல்பவர் வயதில் மூத்தவர் என்பதற்காகத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். மரியாதையாக மறுக்கலாம்.

என்ன மீன் என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவது

இந்த ஒரு தவறைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு முறை ராத்திரியில் மீனவர் ஒருவர் வாந்தி பேதியோடு வந்தார். ராத்திரி டியூட்டியில் இருந்த புது டாக்டர் சலைன் ஏற்றி, 'உணவு நச்சு' என்று சீட்டில் எழுதிப் படுக்க வைத்திருந்தார். காலையில் நான் போனபோது அந்த மனிதர் தண்ணீர் கேட்டார். குளிர்பெட்டியில் இருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். விரல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "சுடுகிறது" என்றார். டம்ளர் தரையில் உருண்டது. குளிர்ச்சி தீயாகச் சுடுவது சிகுவாட்டெராவில் அடிக்கடி வரும் அறிகுறி. எல்லோருக்கும் வராது, மீன் தின்றவருக்கு வந்தால் முதலில் சிகுவாட்டெராவைத்தான் நினைக்க வேண்டும். புது டாக்டரிடம் கேட்டேன். என்ன மீன் என்று கேட்டிருந்தார், கலவா என்று பதில் வந்திருந்தது. எங்கே பிடித்தது, மீதி மீன் எங்கே, வேறு யார் சாப்பிட்டார்கள்? கேட்கவில்லை.

தீவில் பெரிய மீன் கிடைத்தால் அது ஒரு வீட்டோடு நிற்காது. பாதி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தது. தலை, மரியாதைக்காக, வயதான அம்மாவுக்கு. தலையிலும் ஈரலிலும் முட்டையிலும் நஞ்சு சதையைவிட அதிகம். நாங்கள் ஆள் அனுப்புவதற்குள் அம்மா காலைச் சாப்பாட்டில் அதை முடித்திருந்தார். மகனான அந்த மீனவர் சீக்கிரமே தேறி வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு நாடி இறங்கி, நாடியை ஏற்றும் அட்ரோப்பின் மருந்து கொடுத்து, நாட்கணக்கில் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு பல மாதங்கள் பச்சைத் தண்ணீரில் கை நனைக்க முடியாமல் இருந்தார். ராத்திரியே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்தத் தலை அடுப்பேறியிருக்காது.

மீனின் பெயர் மட்டும் ஏன் போதாது என்றால், ஒரே தீவில் காற்றுப்படும் பக்கத்துப் பாரில், அதாவது பவளத்திட்டில், பிடித்த கலவா ஆளைச் சாய்க்கும். மறுபக்கத்துப் பாரில் பிடித்த கலவா ஒன்றும் செய்யாது. இதுவும் நிலையாக இருப்பதில்லை. புயல் அடித்துப் பவளம் உடைந்தால், கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தால், படகுத்துறைக்காகப் பாரை வெடிவைத்துத் தகர்த்தால், அந்த இடத்தில் பாசி படர்கிறது. நஞ்சு உடனே தலைகாட்டாது, பல மாதங்கள் கழித்துக்கூட வரலாம். நேற்றுவரை நல்ல பார் என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது.

ஆகவே சீட்டில் இவ்வளவும் இருக்க வேண்டும்: என்ன மீன், எந்தப் பார், என்றைக்குப் பிடித்தது, எந்தப் பாகத்தைத் தின்றார், கூடச் சாப்பிட்டவர்கள் யார், மீதி யார் வீட்டில் இருக்கிறது. மீதியைக் குப்பையில் போட விடாதீர்கள்; நாயும் பன்றியும் தின்னும். ஒரு துண்டை உறைய வைத்து, பெயரும் தேதியும் எழுதி எடுத்து வையுங்கள். உறைய வைத்தால் நஞ்சு போகாது என்பது இங்கே மட்டும் நமக்கு உதவுகிறது, பரிசோதனைக்கு அனுப்பலாம். நோயாளியின் ரத்தத்தில் பார்த்து உறுதி செய்ய நம் கையில் சோதனை எதுவும் கிடையாது. தாஹிதியில் உள்ள லூயி மலார்டே ஆய்வு நிலையம் பல தீவுகளிலிருந்து வரும் இப்படிப்பட்ட விவரங்களைச் சேர்த்துத்தான் எந்த இடத்தில் எந்த மீன் ஆபத்து என்று மக்களுக்குச் சொல்கிறது. சீட்டு காலியாக இருந்தால் அவர்களுக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

1774 ஜூலையில் இன்றைய வனுவாட்டுவின் மலக்குலா தீவருகே கேப்டன் குக்கின் ரெசொல்யூஷன் கப்பலில் இருந்தவர்கள் சிவப்பு மீன் தின்று படுத்துவிட்டார்கள். மீனின் குடலைத் தின்ற பன்றி செத்தது வரை அந்தப் பயணக் குறிப்பில் இருக்கிறது. கடலில் மிதந்துகொண்டிருந்தவர்கள் அன்றைக்கே எழுதி வைத்ததை, மேசையும் பேனாவும் இருக்கும் நாம் எழுதாமல் விடலாமா?

சின்ன மீன் என்றால் பயமில்லை என்பது

பெரிய சீலாவைத் தவிர்க்கச் சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, சிறியதெல்லாம் நல்லது என்று சொல்லிவிடுகிறார்கள். பிரெஞ்சு பாலினேசியாவில் மீன்களை அளந்து பார்த்தபோது, பல இனங்களில் அளவுக்கும் நஞ்சுக்கும் தொடர்பே தெரியவில்லை. பாசி மேயும் கிளிமீனிலும் நஞ்சு உண்டு.

அலர்ஜி என்று எழுதிவிடுவது

சூரை போன்ற மீனை வெயிலில் போட்டு வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, படை எழும்பும். அலர்ஜி மருந்துக்கு அடங்கும். அது வேறு. சிகுவாட்டெராவின் அரிப்பை அலர்ஜி என்று எழுதினால், கடலை நம்பி வாழும் மனிதர் ஆயுசுக்கும் மீனைத் தொடாமல் இருப்பார்.

மன்னிட்டாலை உடனே ஏற்றுவது

1988இல் மார்ஷல் தீவுகளிலிருந்து வந்த அறிக்கையில், மன்னிட்டால் என்ற மருந்தை ஏற்றிய நோயாளிகள் வியக்கும்படி தேறினார்கள் என்று இருந்தது. அதைப் படித்தவர்கள் பாட்டிலைத் தேடி ஓடுகிறார்கள். குக் தீவுகளின் ரரொடோங்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில் 50 பேரிடம், யாருக்கு எது என்று தெரியாதபடி கொடுத்துப் பார்த்தபோது, அது சலைனைவிட மேலாக இல்லை. மன்னிட்டால் சிறுநீரைப் பெருக்கும். வாந்தி பேதியில் வற்றிப்போனவருக்கு நீர்ச்சத்தை ஈடுகட்டாமல் ஏற்றினால் ரத்த அழுத்தம் இன்னும் விழும். முதலில் நீர், கூடவே நாடியைக் கவனியுங்கள்.

மீனே வேண்டாம் என்று ஊருக்குச் சொல்வது

பயத்தில் பார் மீனைக் கைவிட்ட குடும்பங்கள் டின் இறைச்சிக்குப் போகின்றன. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே மிகுந்த தீவுகள் இவை. ஆழ்கடல் சூரையில் சிகுவாட்டெரா பயம் அநேகமாக இல்லை; பிடித்ததும் ஐஸில் வைத்தால் போதும். எதை விடுவது என்று சொல்லும்போதே எதைச் சாப்பிடலாம் என்றும் சொல்லுங்கள்.

வாந்தி நின்றதும் வீட்டுக்கு அனுப்புவது

வயிறு ஓரிரு நாளில் அடங்கும். மரமரப்பும் அரிப்பும் சோர்வும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், தனக்கு வேறு ஏதோ பெரிய வியாதி என்று பயந்து திரும்பி வருவார். மதுவும் மீனும் கொட்டை வகைகளும் கடும் உடல் உழைப்பும் போன அறிகுறியைத் திரும்பக் கொண்டுவரும். மூன்று முதல் ஆறு மாதம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மறுபடி இந்த நஞ்சு சேர்ந்தால் போன தடவையைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் குழந்தையையும் பாருங்கள், தாய்ப்பாலிலும் நஞ்சு வருகிறது. இதையெல்லாம் நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, வீட்டில் சமைப்பவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள்.